அப்பாவின் பிக்கப்புக்கு வேறு என்ஜின்

கெஸ்லர், நெப்ராஸ்கா
9 அக்டோபர் 2004

லீலண்ட்,

நான்கு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா மனசு மாறிவிட்டாள் என்று குதிக்காதே. ஒரு மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. எழுபது மைல் சுற்றளவில் இன்ஜெக்‌ஷன் என்ஜின் ஒயரிங் தெரிந்த ஒரே ஆள் நீதான். உன்னைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். அதனால் தபால்தலை ஒட்ட வேண்டியிருக்கிறது.

போன மாதம் என் கார் கியர்பாக்ஸ் உடைந்து நின்றுவிட்டது. பள்ளிச் சமையலறைக்கு வீட்டிலிருந்து மூன்று மைல். பனி விழ ஆரம்பித்தால் நடந்து போய் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு போட முடியாது. கொட்டகையில் அப்பாவின் அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பிக்கப் நிற்கிறது. ஆமாம், அதே வண்டிதான். வழக்கு முடிந்ததும் ஷெரிப் ஆபீஸ் ஆட்கள் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போனார்கள். அந்தக் குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புருஷனைப் புதைத்த வருஷத்தில் யாருக்குத் தோன்றும்? தண்ணீர் உறைந்து பழைய ஆறு சிலிண்டர் என்ஜின் வெடித்துவிட்டது.

ஏலக் கொட்டகையில் மாடு எண்ணிக்கொண்டிருந்த ஒட்டோ ஸ்லாமாவை உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் பேரன் எண்பத்தொன்பதாம் வருஷத்துக் கமரோ கார் ஒன்றை வேலியில் மோதி நொறுக்கியிருக்கிறான். என்ஜின் மட்டும் முழுசாக இருக்கிறது. எட்டு சிலிண்டர், கார்புரேட்டர் இல்லாத இன்ஜெக்‌ஷன். எவ்வளவு குளிரிலும் சாவி திருப்பினால் கிளம்பும் என்கிறார். இலவசமாகத் தருகிறார். அந்த வண்டியிலா ஏறப் போகிறாய் என்று ஊரில் கேட்டார்கள். "இரும்பு குடிக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டேன்.

அந்த என்ஜினோடு ஒரு பெரிய ஒயர்க் கொத்தும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் வந்திருக்கின்றன. அப்பாவின் வண்டியில் மொத்தமே பன்னிரண்டு ஒயர்தான். எதை எதோடு சேர்ப்பது? எழுது. வேறு எதையும் எழுதாதே.

டார்லீன்


மாநிலச் சிறை, மூன்றாம் பிரிவு
20 அக்டோபர் 2004

அக்கா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் நான்கு வருஷம் ஓட்டியவனுக்கு அது கிறிஸ்துமஸ் பரிசு மாதிரி.

சும்மா சொல்லக் கூடாது, ஒட்டோ கிழவர் நல்ல என்ஜினைத்தான் தள்ளிவிட்டிருக்கிறார். அது ஒழுங்காக உட்கார்ந்தால் நீ செத்த பிறகும் ஓடும். நீ ஸ்பேனர் பிடிப்பதை நினைத்துப் பார்த்தேன். சின்ன வயதில் சைக்கிள் செயின் மாட்டத் தெரியாமல் என்னிடம் வந்து நிற்பாயே. இப்போது எட்டு சிலிண்டரா? பக்கத்து அறையில் இருக்கும் டூரெல்லிடம் சொன்னேன். "உங்கக்கா சமையல்காரிதானே? என்ஜினுக்கும் உப்பு காரம் பாத்துப் போடச் சொல்லு" என்று சிரிக்கிறான்.

இதோடு நான்கு பக்கம் ஒயரிங் படம் வரைந்து அனுப்புகிறேன். வண்ணப் பென்சில் கிடைக்கவில்லை, அதனால் ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்டிருக்கிறேன். படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய். எல்லாம் புரியும்.

வேறு எதையும் எழுதாதே என்றாய். ஒன்று மட்டும் எழுதுகிறேன். ஏப்ரலில் எனக்கு பரோல் விசாரணை. பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து முடியப் போகிறது. வெளியே போனால் எங்கே தங்குவாய் என்பதுதான் முதல் கேள்வி. எனக்கு உன்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? "என் வீட்டில் தங்கலாம்" என்று நீ ஒரு பக்கம் எழுதினால் போதும். கேலின் மனைவியான நீயே எழுதினால் பரோல் போர்டில் இருக்கும் அந்த ஐந்து பேரும் வேறு எதையும் பார்க்க மாட்டார்கள் என்று சிறைக் கவுன்சிலர் சொல்கிறார்.

யோசித்துப் பார்.

லீ


கெஸ்லர்
6 நவம்பர் 2004

லீலண்ட்,

படம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு சின்னச் சீட்டு இருந்தது. "சங்கேத மொழியாக இருக்கலாம் என்பதால் நிறுத்தி வைக்கப்பட்டது" என்று முத்திரை குத்தியிருந்தார்கள். எண்ணும் கோடும் போட்டுச் சுவர் தாண்டத் திட்டம் போடுகிறாய் என்று நினைத்திருப்பார்கள். உன்னைத் தெரிந்தவர்கள்தான் போலிருக்கிறது.

இனிமேல் படம் போடாதே. ஒயரின் நிறத்தை எழுது, எங்கே போக வேண்டும் என்று எழுது. எனக்குப் படிக்கத் தெரியும்.

என்ஜின் உள்ளே இறங்கிவிட்டது. ஒட்டோவின் சங்கிலித் தூக்கியில் தொங்கவிட்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போராடினோம். என் இடது கைக் கட்டை விரல் நகம் போய்விட்டது. ஒட்டோ கத்துகிறார்: "மெதுவா, மெதுவா! கன்னுக்குட்டி இல்ல அது, இழுத்தா வர்றதுக்கு!" நான் சொன்னேன், "கன்னுக்குட்டின்னா நீங்க இந்நேரம் வித்திருப்பீங்க." அவர் சங்கிலியை இன்னும் ஒரு கண்ணி இறக்கினார்.

பழைய பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. கதவைச் சாத்தினால் தலை சுற்றும் அளவுக்கு வாடை. அப்பா இருபது வருஷம் அதைச் சாய்மானம் மாதிரி முதுகில் வைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறார். இந்த என்ஜினுக்கு அதே டேங்க் ஆகுமா?

நீ கேட்டதற்கு இப்போது பதில் இல்லை.

டார்லீன்


மூன்றாம் பிரிவு
19 நவம்பர் 2004

அக்கா,

சங்கேதமாம்! இந்தத் தபால் அறையில் உட்கார்ந்திருப்பவன் தன் வாழ்நாளில் பானெட்டைத் திறந்து பார்த்திருக்க மாட்டான். ஐயா, இதையும் படித்துக்கொண்டிருந்தால் நன்றாகப் படியுங்கள், இது பெட்ரோல் பம்ப் பற்றியது.

டேங்க்கை முதலில் கழற்றி எறி. பழைய என்ஜின் பெட்ரோலை மெல்ல உறிஞ்சிக் குடிக்கும். இது அப்படி இல்லை. மின்சார பம்ப் அழுத்தித் தள்ளும், மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் உனக்கு இரண்டு குழாய் வேண்டும். ஒன்று போக, ஒன்று வர. டேங்க்கைப் பின்னால் சரக்குத் தட்டுக்குக் கீழே மாட்டு. குழாய் வாங்கும்போது இன்ஜெக்‌ஷனுக்கு என்று கேட்டு வாங்கு. சாதாரண ரப்பர் குழாய் இந்த அழுத்தத்தில் பிய்ந்துகொண்டு சூடான என்ஜின் மேல் பீய்ச்சும். கஞ்சத்தனம் பண்ணாதே.

இனி ஒயர். ஆரஞ்சு நிறம் நேராக பேட்டரிக்கு. சாவி போட்டாலும் போடாவிட்டாலும் அதில் உயிர் இருக்க வேண்டும், கம்ப்யூட்டரின் ஞாபகம் அதில்தான் நிற்கிறது. இளஞ்சிவப்பில் கருப்புக் கோடு போட்டது சாவிக்கு. பச்சையில் வெள்ளைக் கோடு பம்பின் ரிலே சுவிட்சுக்கு. பம்பை நேராகச் சாவியில் கொடுக்காதே. பல பேர் சோம்பல்பட்டு அப்படித்தான் செய்வார்கள். கம்ப்யூட்டர் வழியாகப் போனால், என்ஜின் நின்றதும் பம்ப்பும் நிற்கும். இல்லையென்றால் வண்டி கவிழ்ந்து கிடந்தாலும் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கருப்பு எல்லாவற்றையும் என்ஜின் மேலேயே ஒரே இடத்தில், சுரண்டிச் சுத்தம் செய்த இரும்பில் இறுக்கு. வண்டியின் உடம்பில் துரு அதிகம்.

எப்படி இருக்கிறேன் பார், ஒரு பள்ளிக்கூடமே நடத்துகிறேன். வெளியே வந்தால் அந்தக் கொட்டகையிலேயே ஒரு ஒர்க்‌ஷாப் போடலாம். கேல் இருந்திருந்தால் அவனும் இதைத்தான் சொல்வான். மன்னிக்கிற மனசு அவனுக்கு.

கடிதம் பற்றி யோசித்தாயா?

லீ


கெஸ்லர்
5 டிசம்பர் 2004

லீலண்ட்,

அவர் என்ன சொல்வார் என்று நீ எனக்கு எழுதாதே. அந்தப் பெயரை இனி உன் கடிதத்தில் பார்த்தால் அடுப்பில் போடுவேன். ஒயர் நிறமும் சேர்ந்து எரிந்தாலும் பரவாயில்லை.

உனக்கு மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். மே இருபதாம் தேதி கன்றுகளுக்குச் சூடு போடப் போனீர்கள். நீ மத்தியானமே ஏழெட்டு பீர் குடித்திருந்தாய். அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை, அன்றைக்கு ஆம்புலன்ஸ் டியூட்டி அவருடையது. உன்னிடம் சாவி கேட்டிருக்கிறார், நீ கொடுக்கவில்லை. உன்னைத் தனியாக விட மனசில்லாமல் பக்கத்தில் ஏறினார். பார்த்தவர்கள் பத்துப் பேர் சொன்னார்கள். மதகில் மோதிய வண்டியிலிருந்து அவரை எடுக்கும்போது அவர் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தார். நீ வெளியே உட்கார்ந்துகொண்டு "வழியில மாத்திக்கிட்டோம், கேல்தான் ஓட்டினான்" என்று ஷெரிப்பிடம் சொன்னாய். அவர் சட்டையெல்லாம் பீர். உடைந்த டப்பாக்களின் பீர். அதை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்?

பதினாறு வருஷம் அவர் சம்பளமில்லாமல் அந்த ஆம்புலன்ஸில் ஓடினார். அங்கே ஒரு ஆள் செத்தால் அவர்கள் வண்டி முன்னால் போகும், கல்லறையில் ரேடியோவில் அந்த ஆளின் எண்ணை மூன்று முறை கூப்பிடுவார்கள். பதில் வராது. அதுதான் வழியனுப்பு. ஐந்தாம் நாள் நான் அவரைப் புதைத்தேன். ஆம்புலன்ஸ் வரவில்லை. ரேடியோ கூப்பிடவில்லை. குடித்துவிட்டு ஓட்டி மச்சினனைக் கொல்லப் பார்த்தவனுக்கு யார் மரியாதை செய்வார்கள்? நீ முதல் வரிசையில் கட்டுப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒன்பதாம் நாள் அவர் ரத்தத்தில் ஒரு சொட்டும் இல்லை என்று பரிசோதனை வந்த பிறகுதான் உன் வாயிலிருந்து உண்மை வந்தது. அப்போதும் "மோதின வேகத்துல அவன் அந்தப் பக்கம் வந்து விழுந்துட்டான்" என்றாய். கோர்ட்டும் சரி என்றது.

எனக்கு ஒரே கேள்விதான். அவர் எப்படி அந்த சீட்டுக்கு வந்தார்? இதற்கு நேராகப் பதில் எழுது. அதற்குப் பிறகு உன் கடிதத்தைப் பற்றி யோசிக்கிறேன்.

டார்லீன்


மூன்றாம் பிரிவு
20 டிசம்பர் 2004

அக்கா,

கோர்ட்டில் சொன்னதுதான். ஞாபகம் இல்லை. தலையில் அடிபட்டவனிடம் எத்தனை முறை கேட்டாலும் அதேதான்.

நீ சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டேன். ஐந்து வருஷமாக இந்தக் கம்பிக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள். உனக்குத் துக்கம் பிடித்துப் போய்விட்டது. யாரும் வீட்டுக்குள் வரக் கூடாது, யாரும் சிரிக்கக் கூடாது. மன்னிப்புக் கேட்க வந்த ஆம்புலன்ஸ்காரர்களுக்கே கதவைத் திறக்கவில்லையாமே. பாவம், அவர்கள் கையில் சாப்பாட்டுத் தட்டோடு அரை மணி நேரம் குளிரில் நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் வெளியே வந்தால் உன் துக்கத்துக்கு வேலை இல்லாமல் போய்விடும் என்று பயப்படுகிறாயா?

பேரம் பேச ஆரம்பித்தது நீதான். அதனால் நானும் பேசுகிறேன். நான் எழுதியபடி எல்லா ஒயரையும் சேர்த்திருப்பாய். சாவியைத் திருப்புவாய். கிளம்பும். இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிடும். நூறு முறை திருப்பினாலும் அப்படித்தான். ஏன் என்று எனக்குத் தெரியும். உன் ஒட்டோவுக்குத் தெரியாது, அவர் பேரனுக்கும் தெரியாது. நீ எழுதும் கடிதம் என் ஃபைலுக்கு வந்தது என்று தெரிந்த அன்றைக்குச் சொல்கிறேன்.

மேரி கிறிஸ்துமஸ்.

லீ


கெஸ்லர்
23 ஜனவரி 2005

லீலண்ட்,

நீ சொன்னபடியே ஆயிற்று. ஜனவரி பதினைந்தாம் தேதி சாவியைத் திருப்பினேன். அப்பாவின் கொட்டகையே அதிர்ந்தது. இரண்டு நொடிகூட இல்லை, நின்றுவிட்டது. பதினான்கு முறை திருப்பினேன். ஒட்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு, "டார்லீன், போதும்மா. பேட்டரி செத்துடும்" என்றார். அதன் பிறகுதான் கையை எடுத்தேன்.

பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. தினமும் மூன்று மைல் நடந்து போகிறேன், மூன்று மைல் நடந்து வருகிறேன். சில நாள் பால் லாரிக்காரர் ஏற்றிக்கொள்வார். வெள்ளிக்கிழமை சில்லிக் குழம்பும் சினமன் ரோலும் போடும்போது என் விரல் மரத்துப்போய்த் தட்டே தெரியவில்லை. உன்னிடம் கெஞ்சுவேன் என்று எதிர்பார்த்திருந்தால் எதிர்பார்த்துக்கொண்டே இரு. நடக்கிறேன்.

உன் ஸ்பேனர்களை இந்த வேலைக்குத்தான் எடுத்துப் பயன்படுத்தினேன். ஒவ்வொன்றிலும் "லீ பொ." என்று வெட்டி வைத்திருந்தாய், முதல் சம்பளத்தில் வாங்கியவை. ஒட்டோவிடம் கல்லில் வைத்து அந்தப் பெயரை அரைத்து எடுக்கச் சொன்னேன். நாற்பத்தொரு ஸ்பேனர். அவர் தயங்கினார், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அவை வெறும் ஸ்பேனர்.

என் கேள்வி அப்படியே இருக்கிறது.

டார்லீன்


மூன்றாம் பிரிவு
10 மார்ச் 2005

அக்கா,

இன்று காலை கவுன்சிலர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்கக்கா லெட்டர் ஃபைலுக்கு வந்து ரெண்டு வாரமாச்சு. பின்னறை காலியா இருக்கு, தங்கிக்கலாம்னு எழுதியிருக்காங்க. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார். அவர் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ ஒன்றுமே கேட்காமல் எழுதியிருக்கிறாய். பதில் வாங்காமல் எழுதியிருக்கிறாய். நான் உன்னைப் பனியில் நடக்க விட்டுக்கொண்டிருந்தேன்.

முதலில் வண்டி. கமரோவின் சாவியில் ஒரு சின்னக் கருப்புப் புள்ளி பதித்திருக்கும். திருட்டைத் தடுக்க வைத்தது. அந்தப் புள்ளியைப் படிக்கும் பெட்டி டேஷ்போர்டுக்குள் இருந்திருக்கும், அதைக் காயலான் கடைக்குப் போட்டிருப்பீர்கள். அந்தப் பெட்டியிலிருந்து சேதி வராவிட்டால் கம்ப்யூட்டர் வண்டி திருட்டுப் போகிறது என்று நினைத்துப் பெட்ரோலை நிறுத்திவிடும். கொத்தில் எதோடும் சேராமல் ஒரு கருநீல ஒயர் தொங்கிக்கொண்டிருக்கும். அதில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி கிடைக்கும், திருடன் இல்லை என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கிராண்ட் ஐலண்டில் ரோஜர் கூப்கா என்பவர் தபாலில் அனுப்புவார். என் பெயரைச் சொல்லு, அவர் என்னிடம் வேலை பார்த்தவர். மூன்று ஒயர்தான். பத்து நிமிஷ வேலை.

இனி நீ கேட்டது. இதை எழுதாமல் உன் பின்னறையில் என்னால் படுக்க முடியாது.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. எல்லாமே ஞாபகம் இருக்கிறது. மோதியதும் என் பக்கக் கதவு திறந்து நான் வெளியே விழுந்தேன். இரண்டு விலா எலும்பு, அவ்வளவுதான். கேல் அவன் சீட்டிலேயேதான் இருந்தான். தலை கண்ணாடியில் பட்டிருந்தது, ரத்தம் அதிகம் இல்லை. நினைவோடு இருந்தான், அக்கா. பேசினான். "லீ, என்னை அசைக்காத. கழுத்துல ஏதோ ஆயிருக்கு, கால் தெரியல. இடுப்புல ரேடியோ இருக்கு, எடுத்துக் கூப்பிடு. நம்ம ஆளுங்க வந்து பலகை வச்சு எடுத்துக்குவாங்க. அதுவரைக்கும் தொடாத." அவனுக்கு இதெல்லாம் தெரியும் இல்லையா, நூறு பேரை அப்படி எடுத்தவன். பயப்படாமல் சொன்னான். எனக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சொன்னான்.

எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை லைசென்ஸ் போயிருந்தது. மூன்றாவது முறை சிறை என்று நீதிபதி சொல்லியிருந்தார். அது ஒன்றுதான் என் தலையில் ஓடியது. அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். "லீ, வேணாம்" என்றான். இரண்டு முறை சொன்னான். மூன்றாவது முறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் ரேடியோவை எடுத்தேன்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் கடிதம் மட்டும் வராமல் இருந்திருந்தால் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன். நீ எனக்குக் கொடுத்ததற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் இது ஒன்றுதான் உண்மையாக இருந்தது.

உன் தம்பி
லீ


கெஸ்லர்
24 மார்ச் 2005

லீலண்ட்,

கூப்காவின் பெட்டி வந்தது. கருநீல ஒயரில் மாட்டினேன். வண்டி கிளம்பியது, நிற்கவில்லை. நாற்பது நிமிஷம் ஓடவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கடிதத்தைப் படித்தேன்.

டார்லீன்


மூன்றாம் பிரிவு
3 ஏப்ரல் 2005

அக்கா,

நீ எழுதியது ஐந்து வரி. இருந்தாலும் எழுதினாய். திட்டியாவது எழுதியிருக்கலாம் என்று ஒரு நாள் நினைத்தேன், அடுத்த நாள் அந்த ஐந்து வரியே எனக்கு அதிகம் என்று நினைத்தேன். தூக்கம் வருகிறது இப்போது. ஐந்து வருஷத்தில் முதல் முறை.

பதினான்காம் தேதி விசாரணைக்கு நீ நேரில் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறாய் என்று கவுன்சிலர் சொன்னார். "வீட்டாளுங்க நேர்ல வந்தா ஏறக்குறைய முடிஞ்ச மாதிரிதான்" என்றார். வராவிட்டாலும் பரவாயில்லை, உன் கடிதமே போதும். இருநூற்று அறுபது மைல். ஆனால் நீ வருகிறாய். அப்பாவின் வண்டியில் வருகிறாய், இல்லையா? நீ வேறு எதில் வருவாய்!

வழியில் இரண்டு முறை நிறுத்தி ரேடியேட்டர் சூட்டைப் பார். மலைமேடு ஏறும்போது அவசரப்படாதே. விசாரணை ஹாலைத் தாண்டி வாகனம் நிறுத்துமிடம் என் ஜன்னலிலிருந்து தெரியும். காலையிலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பேன். டூரெல்லும் பார்க்கிறேன் என்கிறான். "அந்தச் சமையல்காரி மாட்டின என்ஜினா? நான் பாத்தே ஆகணும்."

பின்னறையில் பழைய கட்டில் போதும். ஒன்றும் புதிதாக வாங்காதே.

லீ


கெஸ்லர்
17 ஏப்ரல் 2005

லீலண்ட்,

விசாரணையில் நான் சொன்னதை நீ கேட்டுவிட்டாய், அங்கேயே உட்கார்ந்திருந்தாய். ஆனாலும் என் கையால் எழுதி அனுப்ப வேண்டும் என்று தோன்றியது.

பிப்ரவரியில் அந்தக் கடிதத்தை எழுதியதற்குக் காரணம் உன் மேல் இரக்கம் இல்லை. பனியில் நடந்து நடந்து களைத்துப் போயிருந்தேன். உன்னை வெறுப்பதும் தினமும் மூன்று மைல் நடப்பது மாதிரிதான் இருந்தது. போதும், வரட்டும், மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடட்டும், என்றைக்காவது சொல்வான், சொல்லாவிட்டால் போகட்டும் என்று நினைத்தேன். பின்னறைக்கு நானே வெள்ளையடித்தேன். உன்னிடம் சொல்லவில்லை. விலை இல்லாமல் ஒரு முறையாவது உண்மை பேசுவாயா என்று பார்க்க ஆசை.

பேசினாய்.

உன் கடிதம் வந்த அன்றைக்கு நான் கொடுத்த கடிதத்தைத் திருப்பி வாங்க முடியுமா என்று பரோல் ஆபீசுக்கு போன் பண்ணினேன். "ஃபைல்ல சேத்தத எடுக்க முடியாதும்மா. மாத்திச் சொல்லணும்னா நேர்ல வரணும்" என்றார்கள். கார் இல்லை, பஸ் இல்லை. ஒட்டோ ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார், அவர் கண்ணுக்கு ரோடு தெரியாது. அதனால் கூப்காவுக்குப் பணம் அனுப்பினேன். நீ சொன்னபடி இரண்டு முறை நிறுத்தி ரேடியேட்டர் சூட்டைப் பார்த்தேன். மேட்டில் அவசரப்படவில்லை. போகும் வழியில் ஒரு இருமல்கூட இல்லை.

நீ ஜன்னலில் நின்று கை ஆட்டியதைப் பார்த்தேன். நான் ஆட்டவில்லை. கவனித்திருப்பாய்.

உன் கடிதத்தில் ஒயர் பற்றிய பகுதியைப் படிக்கவில்லை, மற்றதை அந்த ஐந்து பேர் முன்னால் சத்தமாகப் படித்தேன். "லீ, வேணாம்" என்ற இடத்தில் என் குரல் உடைந்துவிடும் என்று பயந்தேன். உடையவில்லை. பரோல் போர்டின் தலைவி அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உன்னைக் கேட்டார், "இது நீங்க எழுதினதுதானா?" நீ எழுந்து நின்று, "ஆமாங்க மேடம். நான் எழுதினதுதான்" என்றாய்.

இல்லை என்று சொல்லுவாய் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். அக்கா பொய் சொல்கிறாள், கையெழுத்து என்னுடையதில்லை, ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் திரும்பி வரும் வழி எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நார்த் பிளாட் தாண்டி ஓரமாக நிறுத்தி ரொம்ப நேரம் அழுதேன். அது உனக்காகவும்தான். அதைத் தெரிந்துகொள், ஆனால் அதை வைத்து எதையும் கட்டாதே.

அந்தப் பக்கங்களை நீ எழுதாமல் இருந்திருந்தால் மே மாதம் என் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். உன் கையைப் பார்த்துக்கொண்டே நான் பரிமாறியிருப்பேன். அந்தக் கை என்ன செய்தது என்று தெரியாமலே, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று சொல்லியிருப்பேன். அதிலிருந்து நீ என்னைக் காப்பாற்றினாய், லீலண்ட். அதற்கு நன்றி சொல்லுகிறேன். இது கேலி இல்லை.

ஆம்புலன்ஸ் ஆட்களைக் கூப்பிட்டு உன் கடிதத்தைக் காட்டினேன். இந்த முறை கதவைத் திறந்தேன். "பலகையோட நாங்க எட்டே நிமிஷத்துல வந்தோம்" என்று ஒருவர் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அரசு வழக்கறிஞர் ஆபீஸிலிருந்து ஒரு நகல் கேட்டார்கள், கொடுத்தேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும்.

இனி எனக்கு எழுதாதே. பிரிக்க மாட்டேன்.

உன் அடுத்த விசாரணை இரண்டு வருஷம் கழித்து. அன்றைக்கும் வருவேன். அதற்கு அடுத்ததற்கும் வருவேன். உன் ஒயரிங்கில் ஒரு தப்பும் இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறது.

டார்லீன் ஹோலுப்
கேல் ஹோலுபின் மனைவி